வகுத்தால் ஏன் கூடுகிறது?

ஆசிரியர்களின் வேலையை மதிப்பிடும் புதிய பொறுப்புடைமைத் திட்டம் நடைமுறைக்கு வந்தபோது, அப்பள்ளியின் ஆசிரியர் அறையில் அதை வாயார எதிர்த்தவர்களும் இருந்தனர். மனத்துக்குள் மட்டும் எதிர்த்தவர்களும் இருந்தனர். கணக்கு டீச்சர் இவ்விரு அணியிலும் சேரவில்லை.

"சம்பளம் வாங்கிட்டு செய்யற வேலை. யாராவது வந்து பார்த்தா என்ன தப்பு?" என்றார் அவர்.

அப்படிச் சொல்லும் தகுதி அவருக்கு இருந்தது. பத்தொன்பது ஆண்டுகளாக ஆறாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லித் தருபவர் அவர். அவர் கரும்பலகையில் ஒரு கோடு கோணியதை எவரும் கண்டதில்லை.

பிறகு மதிப்பீட்டுப் படிவம் கைக்கு வந்தது. அவர் அதை வரி விடாமல் படித்தார். ஓர் ஆசிரியரின் வகுப்பில் மற்றோர் ஆசிரியர் அமர்ந்து நூற்றுக்கு மதிப்பெண் இடவேண்டும். அறுபதுக்குக் குறைந்தால் அந்த வகுப்பு கைமாறிவிடும். இவையெல்லாம் அவரை அசைக்கவில்லை. பன்னிரண்டாம் கட்டம்தான் அசைத்தது: 'மாணவர்கள் தாமாகக் கேட்ட கேள்விகள்.' ஐந்து கேள்வி வந்தால் இருபது மதிப்பெண். ஒன்று குறைந்தாலும் இருபதும் போயிற்று.

அவர் வகுப்பில் யாரும் கேள்வி கேட்பதில்லை. பாடம் முடிந்ததும் "புரிஞ்சுதா?" என்பார், நாற்பது தலைகளும் சொல்லி வைத்தாற்போல் ஆடும். அந்தத் தலையாட்டலையே அவர் இத்தனை ஆண்டுகளும் தம் வெற்றி என்று எண்ணியிருந்தார்.

அறிவியல் டீச்சர் இந்தச் சிக்கலுக்கு எளிய வழி கண்டிருந்தார். ஐந்து கேள்விகளைத் துண்டுச்சீட்டில் எழுதி ஐந்து பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டார். "நீங்களும் குடுங்க டீச்சர். எல்லாரும் அதான் செய்யறாங்க."

"கேள்விய நானே எழுதிக் குடுத்துட்டு, அதுக்கு நானே மார்க் வாங்கறதா? அதுக்கு இந்த வகுப்பையே விட்டுட்டுப் போயிடலாம்" என்றார் கணக்கு டீச்சர். சொன்னாரேயன்றி, ஆறாம் வகுப்பை விட்டுவிட்டுத் தாம் என்ன செய்வோம் என்று அவருக்கே தெரியவில்லை.

யார் வகுப்பை யார் பார்ப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தார்கள். கணக்கு டீச்சருக்கு வந்தவர் வரலாற்று டீச்சர். அவர் வேறு யாருமல்லர், கணக்கு டீச்சரின் கணவருடைய சொந்தத் தங்கை. ஒரே வீட்டில் அண்ணி மாடியிலும் நாத்தனார் கீழேயும் குடியிருந்தனர். ஒரே ஸ்கூட்டரில் பள்ளிக்கு வந்தனர். ஓயாமல் பேசுவதால் நாத்தனாருக்கு 'ரேடியோ' என்று பெயர்.

"சொந்தக்காரின்னு மார்க்கை அள்ளிப் போட மாட்டேன் அண்ணி, சொல்லிட்டேன்."

"நீ நாப்பது நிமிஷம் வாயைத் திறக்காம உட்காரு. அது போதும் எனக்கு."

மறுநாள் வரலாற்று டீச்சர் கடைசி பெஞ்சில், முழங்கால் மேசையில் இடிக்க, படிவத்தோடு அமர்ந்தார். பின்ன வகுத்தல் பாடம். கணக்கு டீச்சர் மூன்றை அரையால் வகுக்கும் கணக்கை எழுதினார்.

"அரையைத் தலைகீழாத் திருப்பணும். அப்புறம் பெருக்கணும். மூணு ரெண்டு ஆறு. புரிஞ்சுதா?"

நாற்பது தலைகள் ஆடின. இருபத்தைந்து நிமிடம் கடந்தது. பன்னிரண்டாம் கட்டம் வெறுமையாகவே இருந்தது. கடைசி பெஞ்சில் ரேடியோ, தம் வாழ்நாளிலேயே மிக நீண்ட மௌனத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்துக்கொண்டிருந்தார். இருபத்தாறாம் நிமிடத்தில் அது உடைந்தது.

"ஒரு நிமிஷம் டீச்சர்! வகுத்தா குறையணும்ல? மூணை வகுத்தா எப்படி ஆறாக் கூடும்? முப்பது வருஷமா இது என் மண்டையைக் குடையுது!"

வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்த்தது. ஒரு டீச்சருக்கே புரியவில்லையாம்!

முன்வரிசையில் இரட்டைச் சடைக்காரி மெல்ல எழுந்தாள். "எனக்கும்தான் மிஸ்."

"ரெண்டாவது எண்ணை மட்டும் ஏன் மிஸ் திருப்பணும்?" என்றது சன்னலோரத்துக் குரல்.

"திருப்பலைன்னா என்ன ஆகும் மிஸ்?"

அணை உடைந்தாற்போல் கேள்விகள் வந்தன. கணக்கு டீச்சர் பதில் சொல்ல வாயெடுத்தார், பதில் வரவில்லை. திருப்பிப் பெருக்கு என்று அவருக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். அவரும் சொல்லித் தந்துகொண்டிருந்தார். ஏன் என்று அவரை எவரும் கேட்டதில்லை. சுண்ணக்கட்டி நான்கு நிமிடம் பலகையருகே அசையாமல் நின்றது.

பிறகு அவர் பலகையில் நீளமாக ஒரு கோடு போட்டார். "மூணு மீட்டர் கயிறு. அரை மீட்டரா வெட்டுனா எத்தனை துண்டு?"

"ஆறு!"

"அதான் ஏன்?"

இரட்டைச் சடைக்காரி விரலை மடக்கினாள். "ஒரு மீட்டருக்கு ரெண்டு துண்டு மிஸ். மூணு மீட்டருக்கு மூணு ரெண்டு... ஐயோ மிஸ், அப்போ அது பெருக்கல்தானே!"

கணக்கு டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் வகுப்பில் சிரித்ததை நாற்பது பேரும் அன்றுதான் முதன்முதலாகக் கண்டார்கள்.

மணி அடித்ததும் வரலாற்று டீச்சர் நேரே தலைமையாசிரியர் அறைக்குச் சென்றார். "பதினாலு கேள்வி சார். ஆனா முதல்ல வாயைத் திறந்தது நான்."

தலைமையாசிரியர் சுற்றறிக்கையைப் புரட்டினார். "பார்வையாளர் பேசினா மதிப்பீடு செல்லாதுன்னு போட்டிருக்கே டீச்சர். நாளைக்கு நானே வந்து உட்கார்றேன்."

மாலையில் ஸ்கூட்டர் இரண்டு தெருக்களைக் கடந்தது.

"பதினாலு கேள்வி! வாயை மூடிக்கிட்டு அதை மட்டும் எழுதியிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும் உனக்கு?" என்றார் அண்ணி.

"நீங்க மட்டும் சீட்டு குடுக்க மாட்டீங்க, நான் மட்டும் பொய் எழுதணுமா?"

அண்ணி பேச்சை மாற்றினார். "நிஜமாவே முப்பது வருஷமா சந்தேகமா? ஒரே வீட்ல இருந்துக்கிட்டு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றார்.

"கேட்டா சொல்லிட்டு 'புரிஞ்சுதா'ம்பீங்க. நானும் தலையை ஆட்டணும். எதுக்கு வம்பு?"



மறுநாள் தலைமையாசிரியர் பின்னால் வந்து அமர்ந்ததும் வகுப்பு உறைந்தது. மேல்சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு நாற்பது பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கணக்கு டீச்சர் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தார்.

"நேத்து நீங்க கேட்டதுக்கு எனக்கே உடனே பதில் தெரியல. இன்னிக்கும் தெரியாமப் போகலாம். தெரியலைன்னா சேர்ந்து யோசிப்போம்."

மின்விசிறியின் ஓசை மட்டும் கேட்டது.

"மிஸ்," என்றாள் இரட்டைச் சடைக்காரி, "அரையை மூணால வகுத்தா கூடுமா குறையுமா?"

"குறையும்டீ!" என்றது சன்னலோரம். "ஆமா மிஸ், அப்போ எப்போ கூடும், எப்போ குறையும்?"

அதன்பின் யாரும் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாவது வந்தது, ஐந்தாவது வந்தது. ஒன்பதாவது கேள்வியில் கணக்கு டீச்சர் தடுமாறினார். பலகையில் போட்ட படத்தை இருமுறை அழித்தார். பலகை முழுக்கக் கோணல் கோடுகள்.

மணி அடித்தபின் தலைமையாசிரியர் கூட்டிப் பார்த்தார். பன்னிரண்டாம் கட்டத்துக்கு முழு இருபது. 'தயக்கமின்றி விளக்கினார்' என்னும் ஏழாம் கட்டத்துக்குப் பதினைந்தில் ஒன்றுமில்லை. ஆக மொத்தம் அறுபத்துநான்கு.

"வகுப்பு உங்களுக்குத்தான் டீச்சர். அந்தத் தயக்கத்தை வேணும்னா நான் கண்டுக்காம விட்டுடறேன். எண்பதுக்குப் பக்கத்துல போயிடும்."

"வேண்டாம் சார், தயங்கினது நிஜம். நான் தயங்கினப்பத்தான் பசங்க யோசிச்சாங்க. அதுக்கு ஒரு கட்டம் போடச் சொல்லி மேலிடத்துக்கு எழுதுங்க."

தலைமையாசிரியர் பேனாவைத் தேடத் தொடங்கினார்.

வாசலில் ஸ்கூட்டரோடு காத்திருந்த வரலாற்று டீச்சர் ஆவலோடு கேட்டார்: "எவ்வளவு அண்ணி?"

"அறுபத்துநாலு."

"தாராள மனசுதான் அவருக்கு. நானா இருந்தா அறுபத்தொண்ணுதான்."

"ஏன், மூணு எதுக்குக் குறைச்சே?"

"பலகையைப் பார்த்தேனே வர்ற வழியில. கோழி கிளறின மாதிரி இருந்துச்சு!"

"ஏறி உட்காருடீ," என்றார் கணக்கு டீச்சர். "வழியில அடுத்த சந்தேகத்தைக் கேளு."