சும்மா இருக்கிற மணல்

என் மாமியார் ராஜாம்பாள் என்னோடு பேச மாட்டார். சண்டையெல்லாம் இல்லை, மரியாதை. மருமகன் முகத்தைப் பார்த்து நேராகப் பேசுவது அவர்கள் பக்கத்தில் வழக்கமில்லை. அவருக்கு ஆபீசில் அட்டெண்டர் வேலை. பெரிய அதிகாரியின் அறைக்குள்ளேயே போய், "சார், டீ ஆறிப்போவுது, குடிச்சிட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்று அதட்டிவிட்டு வருகிறவர். வீட்டில் என்னைக் கண்டால் மட்டும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய்விடுவார். எங்களுடையது சின்ன குவார்ட்டர்ஸ். நான் ஹாலில் உட்கார்ந்தால் அவர் சமையலறையிலேயே அடைபட்டுக் கிடப்பார். அவர் ஹாலுக்கு வரட்டும் என்று நான் உள்ளே போனால், படுக்கையறையில் அடைபட்டுக் கிடப்பேன். இந்த ஜெயிலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் கைதி.

குவார்ட்டர்ஸ் அவருடையது. மாமனார் பழனிசாமி சர்வீஸில் இருக்கும்போதே நோயில் போய்விட்டதால் மாமியாருக்கு வேலை வந்தது, வேலையோடு வீடும் வந்தது. சென்னையில் நான் வேலை பார்த்த ஷோரூமை மூடியதும், "ஒரு மாசம் இருந்துட்டுப் போலாம்" என்று மனைவி பவித்ராவோடு இங்கே வந்தேன். அது எந்த வருஷத்து மாசம் என்று இப்போது யாரும் கேட்பதில்லை. எனக்கென்று ஒரு தொழில் ஆரம்பித்தேன். மீன்தொட்டி அமைத்துக் கொடுப்பது. பிளாஸ்டிக் செடியும் கலர் கல்லும் போட்ட தொட்டி இல்லை. நிஜச் செடி, தண்ணீருக்குள்ளேயே வேர்விட்டு வளரும் தொட்டி. சொந்த ஊரான காடாம்புலியூரில் என் அண்ணன்கள் இதைக் கேள்விப்பட்டு, "முந்திரி வளக்கத் தெரியாதவன் பாசி வளக்கறான்" என்று சொன்னார்களாம்.

ஆனால் பல் டாக்டர் காயத்ரி கேட்டார். அவருடைய கிளினிக்கில், நோயாளிகள் கன்னத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஒரு பெரிய தொட்டி. அது நன்றாக நின்றால் அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் கேட்பார்கள். அந்த நம்பிக்கையில் மந்தாரக்குப்பத்தில் ஓர் இடமும் பார்த்து வைத்திருந்தேன். எனக்குப் பழக்கமான அய்யாசாமி அண்ணனுடையது, முன்னால் கடை, பின்னால் ஒரே ஒரு ரூம். நானும் பவித்ராவும் அங்கே போய்விடலாம். சத்தம் போட்டுச் சிரிக்கலாம், சண்டைகூடப் போடலாம். டாக்டரின் தொட்டி பிழைத்தால் போகிறோம், செத்தால் இங்கேயேதான்.

எல்லாம் மணலில் வந்து நின்றது. செடித் தொட்டிக்கு வேண்டியது சும்மா இருக்கிற மணல். தண்ணீரில் எதையும் கரைக்கக் கூடாது, தண்ணீரின் குணத்தை மாற்றக் கூடாது, கிடந்த இடத்தில் கிடக்க வேண்டும். மாப்பிள்ளை வேலைக்கும் இதே தகுதிகள்தான். நிலக்கரிக்கு மேலே இருக்கும் மணலை ராப்பகலாக அள்ளிப் போட்டே பிழைக்கிற ஊரில் எனக்கு இரண்டு மூட்டை தோதாக அமையவில்லை. எம்-சாண்ட் கூர்கூராக இருந்தது. அடியில் மேயும் மீனின் மீசை அறுந்துவிடும். ஆற்று மணலில் வண்டல் கலந்திருந்தது. கலர் மணலைக் கழுவினால் ஹோலி பண்டிகை. கடைசியில் கடலூரில், போர்வெல் தண்ணீரை வடிகட்டும் தொட்டியில் போடுகிற குவார்ட்ஸ் மணல் கிடைத்தது. சர்க்கரையைவிடச் சற்றுப் பெரிய பொடி. சத்து ஒன்றும் கிடையாது என்பதால் செடியின் வேருக்குப் பக்கத்தில் உர மாத்திரை புதைக்க வேண்டும். இதைப் பவித்ராவிடம் விளக்கிக்கொண்டிருந்தபோது சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"பவி, சத்தில்லாத மணலப் போட்டு மாத்திரையா குடுக்கறாங்க? சோறு போடாம டானிக் ஊத்தற கதையால்ல இருக்குது?"

"அம்மா, அவருகிட்டயே கேளேன். எதிர்லதான் குந்திகினு இருக்காரு."

"நான் மீனக் கேட்டேன்டி" என்றார் மாமியார்.

மறுவாரம் மாசி மகம். மாமியார் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு, சாமி கடலில் இறங்குவதைப் பார்க்கப் போனார். திரும்பி வரும்போது தலையில் ஒரு சிமெண்ட் சாக்கு. வாயைப் பழைய சேலைக் கிழிசலால் கட்டியிருந்தது. ஹால் நடுவே இறக்கி வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய், மூச்சு வாங்கியபடி சொன்னார்.

"மாப்ளகிட்ட சொல்லுடி. சாமி தீர்த்தவாரி முடிஞ்சி கரையேறின எடத்துலயே அள்ளினது. பஸ்ல கண்டக்டரு எறங்குன்னான். மருமவன் தொழிலுக்குய்யா, எறக்குனா சாமி கண்ணக் குத்தும்னேன். லக்கேஜ்கூடப் போடல அந்தப் புள்ள. டாக்டரம்மா தொட்டியில இதத்தான் போடணும். அப்பறம் பாரு, தொழிலு எப்படி ஏறுதுன்னு."

ஐம்பத்தெட்டு வயது மனுஷி. மூட்டுவலிக்குத் தைலம் தேய்க்கிறவர். எனக்காகக் கடற்கரையைத் தலையில் தூக்கி வந்திருக்கிறார். நான் சாக்கைப் பிரித்துப் பார்த்தேன். அழகான மணல். அதில் பாதி கிளிஞ்சல் பொடி.

கிளிஞ்சல் என்றால் சுண்ணாம்பு. அது மெல்ல மெல்லக் கரைந்து தண்ணீரைக் கடின நீராக்கும். நான் வாங்கி வைத்திருந்த செடிகளெல்லாம் மஞ்சளித்துப் போகும். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு, ஒரு பிடி மணலை டம்ளரில் போட்டு வினிகர் ஊற்றினேன். சும்மா இருக்கிற மணல் என்றால் சும்மா இருக்கும். இது கோலி சோடா உடைத்த மாதிரி நுரைத்துக்கொண்டு வந்தது. சாமி மணலாயிற்றே, கொஞ்சம் விட்டுக்கொடுக்கக் கூடாதா என்று இன்னொரு பிடி போட்டேன். அதுவும் பொங்கியது.

"பவி, பாத்ரூம்ல இன்னா ஊறுகா வாசன?" என்று வெளியே குரல்.

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? நேராகப் பேசுகிறவரிடம் நேராக மறுக்கலாம். கதவிடம் பேசுகிறவரிடம் எந்த வாயால் மறுப்பது? பவித்ராவைச் சொல்லச் சொன்னேன். "நீங்களாச்சு, ஒங்க மாமியாராச்சு. மணலு வேணாம்னா சாமி வேணாம்னு சொன்ன மாதிரி எடுத்துக்கும், அப்பறம் நான்தான் மூணு நாளைக்கி மூஞ்ச பாக்கணும்" என்று கழன்றுகொண்டாள். சாமி மணல், கால் படும் இடத்தில் கொட்டவும் முடியாது. குவார்ட்டர்ஸைச் சுற்றிக் கால் படாத இடம் எது?

டாக்டரின் தொட்டியில் குவார்ட்ஸ் மணலைத்தான் போட்டேன். சாக்கை அதே கிழிசலால் மறுபடி கட்டித் தொட்டியைத் தாங்கும் ஸ்டாண்டின் அடி அலமாரிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன். சாயங்காலம் வீட்டில் கேள்வி வந்தது.

"மணலு வெச்சாச்சான்னு கேளு பவி."

தலையை ஆட்டினேன். வைத்தது நிஜம்தானே? அரிச்சந்திரன் பரம்பரை, பொய் மட்டும் வாயில் வராது.

செடிகள் பிடித்துக்கொண்டன. ஒரு மாதத்தில் தொட்டி பச்சைப்பசேல் என்று ஆயிற்று. டாக்டரின் தம்பி தன் ஓட்டலுக்கு ஒன்று கேட்டார். மந்தாரக்குப்பத்துக்குப் போகும் நாளைப் பவித்ரா காலண்டரில் பார்க்க ஆரம்பித்தாள். அதே காலண்டரில் மாமியாரும் ஒரு நல்ல நாள் பார்த்து, பக்கத்து வீட்டு விருத்தாம்பாளைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குக் கிளம்பிவிட்டார்.

நான் அங்கே தொட்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் உள்ளே வந்தார்கள்.

"யக்கா, இதான் நீ சொன்ன சாமி மணலா?" என்று விருத்தாம்பாள் கண்ணாடியில் மூக்கை வைத்தார். "எங்க வூட்டு அரிசிக் குருண மாதிரி இருக்குது. கிளிஞ்சலு ஒண்ணையும் காணோமே?"

மாமியார் குனிந்து பார்த்தார். அந்த நேரம் பார்த்து டாக்டர் காயத்ரி வெளியே வந்தார். "சுதாகர், உள்ள ஒரு மணல் மூட்டைய மறந்துட்டீங்க பாருங்க. அன்னிக்கே சொல்லணும்னு நெனச்சேன்" என்று அலமாரிக் கதவைத் திறந்து காட்டினார். சேலைக் கிழிசலின் முடிச்சு, போட்ட முடிச்சு அப்படியே இருந்தது.

எனக்கு அந்தத் தொட்டிக்குள் இறங்கி, செடிக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளலாம் போலிருந்தது.

"இன்னா யக்கா இது, ஒம் மூட்டையா?" விருத்தாம்பாளின் குரலில் அடுத்த ஒரு வாரத்துக்கான பேச்சு தயாராகிக்கொண்டிருந்தது.

மாமியார் நிமிர்ந்தார். "ஆமா. வேற யாருது? சாமி மணல மீனு பேலறதுக்கா போடுவாங்க? பீடத்துல வெச்சிருக்காரு மாப்ள. அது கீழ இருந்து தாங்கிகினு இருக்கறதாலதான் மேல இவ்ளோ பச்ச. ஒனக்கு இன்னா தெரியும், வா."

டாக்டர் கையெடுத்துக் கும்பிட்டார், மூட்டையைப் பார்த்து. விருத்தாம்பாளும் வேறு வழியில்லாமல் கும்பிட்டார்.

விருத்தாம்பாள் பஜாரில் காய் வாங்க நின்றுவிட்டார். மாமியார் தனியாக வீட்டுக்கு நடந்தார். மருமகன் வண்டியில் பின்னால் உட்கார மாட்டார். முன்னால் போய்விடவும் எனக்கு மனசு வரவில்லை. வண்டியை அணைத்து, பின்னாலேயே தள்ளிக்கொண்டு போனேன்.

கொஞ்ச தூரம் போனதும் அவர் சாலையோரத்துத் தூங்குமூஞ்சி மரத்தைப் பார்த்துச் சொன்னார். "சொல்லியிருந்தா நான் இன்னா கடிச்சா வெச்சிருப்பேன்?"

நான் வண்டியின் ஸ்பீடோமீட்டரிடம் சொன்னேன். "கிளிஞ்சல்ல சுண்ணாம்பு இருக்குங்க. செடி செத்துடும். உங்க மனசு கஷ்டப்படுமேன்னுதான்."

"சுண்ணாம்புன்னா சுண்ணாம்புன்னு சொல்றது." இது அடுத்த மரத்திடம். பிறகு, "மந்தாரக்குப்பத்துல எடம் பாத்திருக்காங்களாமே."

வண்டி கையில் கனத்தது. திட்டிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டிவிட்டால் நல்லது என்றும் தோன்றியது; கோபித்துக்கொண்ட வீட்டிலிருந்து கிளம்புவது சுலபம்.

"நல்லதுதான். எத்தினி நாளைக்கித்தான் இங்கயே கெடப்பாங்க. நான் ரிட்டையர் ஆனா குவாட்டர்ஸக் காலி பண்ணணும். எங்க போறதுன்னு பயந்துகினு இருந்தேன், இப்ப தேவல. ரூமு சின்னதாமே? பரவால்ல. நான் செவுத்தோரமா மொடங்கிக்குவேன். அதுங்களுக்கு எடஞ்சலு இருக்காது."

அப்போதும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்த மாதிரி இருந்தது, வெயிலும்தான் அடித்தது. நான் ஸ்பீடோமீட்டரைப் பார்த்தேன். முள் பூஜ்யத்தில் நின்றது.

"அதுக்கென்னங்க அத்தை" என்றேன்.

அவரை வீட்டுக்குள் விட்டுவிட்டு, தெருமுனைக்கு வந்து அய்யாசாமி அண்ணனுக்குப் போன் போட்டேன். கடைக்குப் பின்னால் இன்னொரு ரூம் கிடைக்குமா என்று கேட்டேன்.

"ரூமெல்லாம் இல்லப்பா. சைடுல ஒரு குடோன் இருக்குது. சாமானத்த ஒதுக்கினா ஒரு ஆளு படுக்கலாம். யாருக்கு?"

"எனக்குத்தாண்ணே" என்றேன்.