சிவப்பாகவே நின்றது

தொர்ஷா தங்கக் கரைசலைச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் ஊற்றினாள். கண்ணுக்கே தெரியாத அளவு பொடியாகிவிட்ட தங்கம் மஞ்சளாக இருப்பதில்லை, பீட்ரூட் சாறு போலச் சிவந்திருக்கும். தண்ணீரில் ஆர்சனிக் என்ற விஷம் இருந்தால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீலமாகும். ஆய்வகத்தில் நூறு தடவை பார்த்ததுதான். ஆனால் போன வருஷம் நதியா மாவட்டத்து இதே ஊரில், தண்ணீரிலிருந்த இரும்பு எல்லாவற்றையும் குழப்பி, நல்ல தண்ணீரையும் நீலமாகக் காட்டிவிட்டது. தலைகுனிந்து ரயிலேறினாள். அந்த இரும்பின் தொல்லையை ஒழிக்க அவளுக்குப் பதினோரு மாதம் பிடித்தது.

"நல்ல குழாயைக் கெட்டதுன்னு சொன்ன பொண்ணுதானே நீ?" என்றாள் ரெஹெனா பீபி. ஆறு வருஷமாக ஒரு மைல் நடந்து குடிதண்ணீர் சுமப்பவள். இப்போது அவள் வீட்டு வாசலிலேயே ஆழமாகத் துளையிட்டுப் புது அடிபம்பு போட்டிருக்கிறார்கள்.

"அதே பொண்ணுதான் காலாம்மா." அந்த ஊரில் சித்தியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

கூட வேலை செய்யும் அனிர்பான் தள்ளி நின்றான். அந்தப் புதுப் பம்பு, பக்கத்திலிருந்த பழைய பம்பு இரண்டின் தண்ணீரையும் பெரிய கருவியில் சோதித்த முடிவு அவன் சட்டைப்பையில் இருந்தது. தான் சொல்லும்வரை காட்டக்கூடாது என்று அவள் சத்தியம் வாங்கியிருந்தாள்.

முதலில் பழைய பம்பு. அரசாங்கம் விஷமென்று சிவப்புப் பெயிண்ட் அடித்துவிட்டுப் போனது. அதன் தண்ணீரை விட்டதும் குப்பி மளமளவென்று நீலமானது. அடுத்தது புதுசு. ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். சிவப்பு அசையவில்லை.

ரெஹெனா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "யா அல்லா, சிவப்பு! இதுவும் விஷமா?"

"இல்ல காலாம்மா! இதுல சிவப்புதான் நல்லது, நீலம்தான் விஷம்!"

"பம்புல சிவப்புன்னா விஷம், குப்பியில சிவப்புன்னா நல்லதா? படிச்சவங்க எல்லாரும் உக்காந்து ஒரு நிறத்தப் பேசி முடிக்கக் கூடாதா?"

வேடிக்கை பார்க்கக் கூடியிருந்த ஊர்க்கூட்டம் வெடித்துச் சிரித்தது. "நான் என்ன பண்ண, தங்கம் அப்படித்தான் இருக்கு!" என்ற தொர்ஷாவுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அனிர்பானிடம் கையை நீட்டினாள்.

அவன் தாளைப் பிரித்தான். பழையதில் லிட்டருக்கு நூற்றெண்பது மைக்ரோகிராம் ஆர்சனிக், புதியதில் மூன்று. பத்துவரை பயமில்லை.

"உன் தங்கம் பொய் சொல்லல தொர்ஷா."

அதற்குள் ரெஹெனா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பம்பை அடிக்கத் தொடங்கியிருந்தாள். தண்ணீர் குபுகுபுவென்று கொட்டியது. இரு கை அள்ளிக் குடித்தாள். முழங்கை வழியே ஒழுக ஒழுக மறுபடியும் குடித்தாள். பிறகு ஒரு கை நீரை அள்ளி தொர்ஷாவின் முகத்தில் வீசினாள். மூக்குக் கண்ணாடி முழுக்க நீர்த்துளிகள். ஒவ்வொரு துளியிலும் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.