கொட்டகைக்கு வந்த பணம்

கைலாசம் முதலாளி அன்றைக்கு அழுதார். பதினாறு வருஷமாக மேடையில் அழுவதைத் தொழிலாகச் செய்துவந்த சென்னியம்மாளுக்கு, எது நிஜ அழுகை, எது வரவழைத்த அழுகை என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும். அவர் அழுதது நிஜந்தான்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷம். அரிசி அளந்துதான் கிடைத்தது. மண்ணெண்ணெய் அப்படியும் கிடைக்கவில்லை. போதாததற்குச் சேலத்தில் வாந்திபேதி கண்டது. சந்தை கூடக்கூடாது, தேர் இழுக்கக்கூடாது, நாடகம் போடக்கூடாது என்று தமுக்கு அடித்துச் சொல்லிவிட்டார்கள். கைலாசத்தின் நாடகக் கொட்டகை ஒரு மாதம் பூட்டிக் கிடந்தது. அதற்குமேல் தாங்காது என்று அவர் எல்லோரையும் மேடையிலேயே உட்காரவைத்துப் பேசினார்.

"யாரையும் வேலைய உட்டு நிறுத்தலீங்க. லீவுன்னு வச்சுக்கங்க. சம்பளந்தான் இல்லை. நோய் அடங்குனதும் கடுதாசி போடறேன். கடுதாசி கண்ட மறுநாள் எல்லாரும் இங்க வந்து நிக்கோணும்."

சொல்லி முடிப்பதற்குள் துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

சென்னியம்மாள் தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெண்ணந்தூர் போய்ச் சேர்ந்தாள். அங்கே அவள் அண்ணன் சண்முகவேலுக்கு இரண்டு தறி. அவளுக்குக் கல்யாணமான வருஷமே புருஷன் பினாங்குக்குக் கப்பலேறினான். போனவன் போனவன்தான். ஊர் என்ன பேசினாலும் பேசட்டும் என்று பதினெட்டு வயதில் அவள் நாடகத்தில் சேர்ந்தபோது அண்ணன் ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அவள் அனுப்பிய மணியார்டர்கள் அவனைப் பேசவைத்தன. இப்போது மணியார்டர் அனுப்பியவளே வந்து நின்றாள்.

அண்ணி பொன்னாயி கெட்டவள் இல்லை. முதல் நாளே ராட்டையைக் காட்டி, "சும்மா மூலையில குக்கியிருந்தா மனசு கெட்டுப்போகும் அம்மிணி, தறிக்கு நூலைத் தார் சுத்து" என்றாள். கம்புச் சோற்றை எல்லோருக்கும் ஒரே அளவாகத்தான் போட்டாள். நூல் கிடைக்காமல் வாரத்தில் மூன்று நாள் தறி நின்ற வீட்டில் அதுவே பெரிய காரியம்.

பகல் ஒருமாதிரி ஓடிவிடும். பொழுது இறங்கும் நேரந்தான் சென்னியம்மாளுக்குப் பொறுக்காது. வெயில் மஞ்சளாகி, ஏரிப்பக்கமிருந்து கொக்குகள் திரும்பும்போது, உடம்பு தானாக எழுந்துகொள்ளும். அரிதாரம் பூசும் நேரம் அது. தேங்காயெண்ணெயை முகத்தில் தடவியதும் தோல் இறுகுவதும், திரைக்கு அப்பால் ஜனங்கள் வந்து உட்காரும் இரைச்சலும், முதல் மணி அடித்ததும் வயிற்றுக்குள் ஏதோ நழுவுவதும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வரும். கை ராட்டையில் இருக்கும். கால் மட்டும் தரையைத் தட்டிக்கொண்டிருக்கும்.

"என்னாச்சு அம்மிணி?" என்பாள் பொன்னாயி.

"ஒண்ணுமில்லீங்க அண்ணி. மரத்துப்போச்சு."

வீட்டில் பாட முடியாது. அக்கம்பக்கம் சிரிக்கும். துணி துவைக்கப் போகும் சாக்கில் ஏரிக்கரைக்குப் போய், ஆளில்லாத இடமாகப் பார்த்துத் தொண்டையைத் திறப்பாள். ஐந்தாம் மாதம் மேல்ஸ்தாயியில் நிற்க முயன்றபோது குரல் பிசிறிற்று. அவளுக்குப் பகீரென்றது. துணியை அப்படியே போட்டுவிட்டு, திரும்பத் திரும்ப அதே இடத்தை ஏறிப் பிடித்து, குரல் நிற்கும்வரை விடவில்லை. நாளைக்கே கடுதாசி வந்தால் என்ன செய்வது என்ற பயம் அவளுக்கு.

கடுதாசி எட்டாம் மாதம் வந்தது.

முதலாளியே எழுதியிருந்தார். வருகிற வியாழக்கிழமை ராணி நாடகம். எல்லோரும் புதன்கிழமையே வந்துவிட வேண்டும். அவ்வளவுதான் விஷயம். சென்னியம்மாள் அதை நாலு தரம் படித்தாள். பொன்னாயி தன்னிடமிருந்த ஒரே நல்ல புடவையை எடுத்து நீட்டி, "இதக் கட்டிக்கிட்டுப் போ. அங்க போயி நோஞ்சான் மாதிரி நிக்காதே" என்றாள்.

கொட்டகைக்குள் நுழைந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். கூரைக்குப் புதுத் தகரம். பெஞ்சுகளுக்கு வார்னிஷ் அடித்திருந்தது. மேடையில் புத்தம் புதிய திரை. அரண்மனையும் அதற்குப் பின்னால் மலையும் மலைமேல் நிலாவுமாக எழுதியிருந்தார்கள். பெயிண்டு வாசனை இன்னும் போகவில்லை. அவள் கிட்டே போய் அந்த நிலாவைத் தொட்டுப் பார்த்தாள். பதினாறு வருஷம் கிழிசலைத் தைத்துத் தைத்துக் கட்டிய திரைக்கு முன்னால் நின்றவளுக்கு, எங்கோ பெரிய கம்பெனியில் சேர்ந்துவிட்டது மாதிரி இருந்தது.

"நல்லாயிருக்கா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. ஆர்மோனியம் ரஹமத்துல்லா. அவளைவிடப் பத்து வயது மூத்தவர். ஆள் பாதியாக வற்றியிருந்தார்.

"ஏனுங்க பாய், இப்பிடி ஆயிட்டீங்க?"

"கோட்டைப் பக்கம் ஒரு தோல் மண்டியில மூட்டை தூக்குறேன். அது கெடக்கட்டும். இந்தத் திரை யார் பணம் தெரியுமா உனக்கு?"

தெரியாது என்று அவள் தலையாட்டினாள். அவர் அவளை ஒதுக்குப்புறமாக அழைத்துக்கொண்டுபோய் உட்காரவைத்துச் சொன்னார். நோய் நிவாரணத்துக்கென்று ஊரில் ஒரு கமிட்டி போட்டிருக்கிறார்கள். சர்க்காரும் பணம் கொடுத்திருக்கிறது. கொட்டகையை மூடியதால் நாடகக்காரர்கள் பட்டினி கிடக்கக்கூடாது என்று அதிலிருந்து ஒரு தொகையை ஒதுக்கி, முதல் பாதியை ஆறு மாதத்துக்கு முன்பே முதலாளியிடம் கொடுத்துவிட்டார்கள். மறுபாதி கொடுக்கும் முன் கம்பெனி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கத் தாசில்தார் நாளைக்கு வருகிறார்.

"அதுக்குத்தான் கூப்பிட்டிருக்காங்களா?"

"அதுக்கேதான். ஒரே ஒரு நாளைக்கு."

சென்னியம்மாள் நேராகக் கைலாசத்திடம் போனாள். அவர் மறைக்கவில்லை.

"ஆமா அம்மிணி, வாங்குனேன். நெலத்துக்காரன் காலி பண்ணுன்னு நின்னான். கூரை ஒழுகுச்சு, பழைய திரையைக் கரையான் தின்னு போட்டுது. உங்களுக்குப் பிரிச்சுக் குடுத்திருந்தா ரண்டு மாசம் தின்னிருப்பீங்க. அப்பறம்? திரும்பி வாரதுக்குக் கொட்டகை வேண்டாமா? ஆளு எங்கயும் போயிராது. கொட்டகை போச்சுன்னா போனதுதான்."

"பபூன் சின்னான் போயிட்டானுங்களே" என்றாள் அவள். சின்னான் மேச்சேரிக்குப் போன இரண்டாம் மாதமே வாந்திபேதியில் செத்துப்போனான் என்று ரஹமத்துல்லா சற்று முன்புதான் சொல்லியிருந்தார்.

கைலாசம் தலையைக் குனிந்துகொண்டார். "நாளைக்கு மட்டும் மானத்தைக் காப்பாத்திக் குடு. மறுபாதி வந்ததும் உங்களுக்குத்தான் மொதல்ல" என்றார்.

மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்கு நாடகம். விளக்குக்கு எண்ணெய் இல்லாததால் கொட்டகையின் பக்கத் தட்டிகளை எல்லாம் தூக்கிக் கட்டி வெளிச்சம் வரவிட்டிருந்தார்கள். கூட்டத்துக்கு இன்னும் அனுமதியில்லை. முன்வரிசையில் தாசில்தாரும் குமாஸ்தாவும் கமிட்டிக்காரர்கள் ஐந்து பேரும். அவர்களுக்குப் பின்னால் வார்னிஷ் பெஞ்சுகள் வரிசை வரிசையாக வெறுமனே பளபளத்தன.

சென்னியம்மாளுக்கு ஏழு பேர் போதுமாக இருந்தது. முதல் மணி அடித்தபோது வயிற்றுக்குள் நழுவியது. அவள் கண்ணை மூடி அதை அனுபவித்தாள். ரஹமத்துல்லா ஆர்மோனியக் கட்டையைப் பிடித்தார். மூட்டை தூக்கிக் காய்த்துப்போன விரல்கள் முதலில் தடுமாறி, பிறகு தாமாகவே வழி கண்டுபிடித்தன. சிறைப்பட்ட கணவனுக்காக எதிரியின் சபையில் ராணி வந்து நிற்கும் காட்சி. ராஜபார்ட் செங்கோட்டையன் சங்கிலியோடு ஒரு பக்கம் நின்றிருந்தான். அவள் பாட எடுத்தாள். ஏரிக்கரையில் பிசிறிய இடம் வந்தது. ஏறினாள், குரல் நின்றது. அது கொட்டகையின் புதுத் தகரத்தில் பட்டுத் திரும்பி வந்ததைக் கேட்டபோது, எட்டு மாதமும் யாருடைய வீட்டிலோ யாராகவோ இருந்துவிட்டு, இப்போதுதான் தன் உடம்புக்குள் திரும்பி வந்தது போலிருந்தது. பாட்டு முடியவேண்டாம் என்று கடைசி அடியை இன்னும் இரண்டு தரம் எடுத்தாள். ரஹமத்துல்லா புரிந்துகொண்டு கூடவே வந்தார்.

கமிட்டிக்காரர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நாடகம் முடிந்து அவள் அரிதாரத்தைக் கழுவி, பொன்னாயியின் புடவையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தபோது தாசில்தார் முதலாளியோடு நின்றுகொண்டிருந்தார். அவளைக் கண்டதும் கைகூப்பினார்.

"ரொம்ப நல்லா இருந்ததம்மா. கொட்டகையைப் பிரமாதமா வச்சிருக்கார். இந்த எட்டு மாசமும் உங்களுக்கெல்லாம் கஷ்டமில்லாம நடந்துதா?"

"எல்லாம் இங்கயேதானுங்க, தினம் ஒத்திகை பாத்துக்கிட்டு…" என்று ஆரம்பித்தார் கைலாசம்.

தாசில்தார் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சென்னியம்மாளுக்குக் கொட்டகைக்குள்ளே நிலா எழுதிய திரை தெரிந்தது. ஆமாங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மறுபாதி வரும். என்றைக்காவது தடை நீங்கும். இந்த மேடையில் மறுபடியும் நிற்கலாம்.

"நான் வெண்ணந்தூர்ல எங்கண்ணன் ஊட்டுல தார் சுத்திக்கிட்டிருந்தேனுங்க" என்றாள். "பாய் மூட்டை தூக்குறாரு. எங்க பபூன் செத்துப்போனாருங்க. பணம் வந்துச்சுன்னு எங்களுக்கு நேத்துத்தான் தெரியும்."

முதலாளி அவளைக் கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. கொட்டகையைத்தான் அண்ணாந்து பார்த்தார்.

தாசில்தார் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரித்து எழுதிக்கொண்டு போனார். மறுபாதியைக் கொட்டகைக்குக் கொடுப்பதில்லை, நடிகர்கள் கையிலேயே கொடுத்துவிடுவது, சின்னானின் பங்கு அவன் பெண்சாதிக்கு என்று கமிட்டி முடிவுசெய்தது. நியாயமான முடிவுதான். ஆனால் அந்தப் பணத்தை நம்பி வாடகைக்குத் தவணை சொல்லியிருந்த கைலாசத்தால் அதற்குமேல் நிற்க முடியவில்லை. நிலத்துக்காரர் இடத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார். புதுக்கூரை ஒழுகாது என்பதால் ரேஷன் நெல் மூட்டை அடுக்க அந்தக் கொட்டகை வசதியாக இருந்தது. திரையைத் திருச்சிப் பக்கத்துக் கம்பெனி ஒன்று வாங்கிப்போனது.

பணம் வாங்க எல்லோரும் தாலுகா ஆபீஸில் கூடினார்கள். செங்கோட்டையன் வாங்கி மடியில் கட்டிக்கொண்டு, அவளைப் பார்க்காமலே, "ஒரு வார்த்தையை அடக்கியிருந்தா கம்பெனி பொழைச்சிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனான். சின்னானின் மனைவி சென்னியம்மாளின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள். இரண்டில் எதைத் தாங்குவது என்று சென்னியம்மாளுக்குத் தெரியவில்லை.

ரஹமத்துல்லா அவளோடு பஸ் நிற்கும் இடம்வரை நடந்து வந்தார்.

"நீ சொல்லலைன்னா நான் சொல்லியிருப்பேன்னு நினைச்சுக்காதே" என்றார். "சொல்லியிருக்கமாட்டேன். இன்னொரு நாள் வாசிக்கக் கிடைக்குமேன்னு வாயைப் பொத்திக்கிட்டு இருந்திருப்பேன்."

"எனக்கு மட்டும் அந்த ஆசை இல்லீங்களா பாய்?"

"அப்ப ஏன் சொன்னே?"

அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வேஷத்தைக் கலைச்சுட்டு வந்துட்டனுங்களே. மூஞ்சியில அரிதாரம் இருக்கறப்பக் கேட்டிருந்தாருன்னா, என்ன வேணும்னாலும் சொல்லியிருப்பேன். கழுவுன மூஞ்சியோட நின்னேன். வரலீங்க."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "பாட்டை நீ இழுத்தியே, அந்தக் கடைசி அடி. அல்லா சாட்சியா, முதுகில மூட்டை ஏறும்போதெல்லாம் அதுதான் காதில கேக்குது" என்றார்.

"இன்னும் ரண்டு தரம் எடுத்திருக்கலாமுங்க" என்றாள் அவள்.

கரியில் ஓடும் பஸ் புகையைக் கக்கிக்கொண்டு வந்து நின்றது. அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மல்லூரில் கரி போடுவதற்காக வண்டியை நிறுத்தினார்கள். ஆண்கள் இறங்கி மரத்தடியில் நின்றார்கள். சோளக்காட்டின்மேல் வெயில் மஞ்சளாக இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்திலிருந்த பெண் தூங்கியெழுந்து, சென்னியம்மாளின் உதடு அசைவதைக் கவனித்தாள்.

"ஏனுங்க, யார்கூடப் பேசறீங்க?"

சென்னியம்மாள் ராணியின் வசனத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ராஜா பேசவேண்டிய இடம் வந்திருந்தது. அவன் பேசி முடிக்கும்வரை, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, அவள் பொறுமையாகக் காத்திருந்தாள்.