கறுப்பு விழுந்த மகரந்தம்

பன்னிரண்டு பெண்களுக்கு நாளையிலிருந்து வேலை இல்லை என்று விதைக் கம்பெனி வாசலில் ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்ததும் அதே கம்பெனி லேபில் நுண்ணோக்கியில் ஸ்லைடு பார்க்கிறவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காரணம் ஒரே வரி: ‘கலவன் எடுப்பதில் அலட்சியம்.’ பட்டியலில் முதல் ஆள் அவளுடைய நாத்தனார், வயலில் அந்தக் கூட்டத்துக்குத் தலைவி.

விதை வயலில் நெல் இரண்டு வகை வரிசைகளாக நிற்கும். பெண் வரிசைச் செடிக்கு மரபணுவில் ஒரு கோளாறு, வேண்டுமென்றே தேடிப் பிடித்து வைத்தது. அதன் மகரந்தம் வளராமலே செத்துவிடும். பக்கத்து ஆண் வரிசை மகரந்தம் வந்து விழுந்தால்தான் மணி பிடிக்கும். அதுதான் ஒட்டு விதை. பெண் வரிசைக்குள் வேறு செடி தலைகாட்டினால் அது கலவன், பிடுங்கிவிட வேண்டும். நாத்தனார் கூட்டம் இடுப்பு ஒடியப் பிடுங்கியது. ஆனாலும் அறுத்த விதையில் நூற்றுக்கு முப்பது ஒட்டு இல்லை என்று சோதனையில் வந்துவிட்டது.

“கண்ணை எங்க வச்சிருந்தாங்க?” என்றார் டாக்டர். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. அந்தப் பெண் செடியை உருவாக்கி, அதற்காக மேடை ஏறிக் கேடயம் வாங்கியவர்.

அவர் தன் கண்ணை எங்கே வைத்திருந்தார் என்பது ஸ்லைடு பார்க்கிறவளுக்குத் தெரியும். அந்தச் செடியின் மலட்டுத்தனமெல்லாம் வெயில் இருக்கும்வரைதான். கதிர் உருவாகும் சமயத்தில் குளிர் பிடித்தால் மரபணு சொன்ன பேச்சைக் கேட்காது, மகரந்தம் உயிரோடு வளர்ந்துவிடும். செடி தன் மகரந்தத்திலேயே மணி பிடிக்கும், அது ஒட்டு ஆகாது. இந்தத் தடவை சரியாக அந்தச் சமயத்தில் ஒரு வாரம் மழையும் குளிரும். பூத்த முதல் நாள் மகரந்தப் பையை நசுக்கி அயோடின் விட்டுப் பார்த்தாள். செத்த மகரந்தம் நிறம் ஏறாமல் சுருங்கிக் கிடக்கும், உயிருள்ளது கறுத்துவிடும். ஸ்லைடில் பாதிக்குப் பாதி கறுப்பு. ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னாள்.

“சாயம் சரியா விழலம்மா. வேற பூ எடுத்துத் திரும்பப் போடு. சுத்தமா வர்ற ஸ்லைடை மட்டும் ரிஜிஸ்டர்ல எழுது. எப்பவும் அப்படித்தானே செய்றோம்?”

எப்பவும் அப்படித்தான், அந்த லேபின் லட்சணம் அது. ஆறாவது ஸ்லைடில் கறுப்பில்லாத ஒரு பூ அகப்பட்டது. ‘பூஜ்யம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நான்கு நாளும் இதே கூத்து. பெரிய படிப்பு படித்தவரே சொல்கிறார், நமக்கென்ன என்று இருந்துவிட்டாள். அந்த நமக்கென்னதான் இப்போது நாத்தனார் தலையில் வந்து விடிந்திருந்தது.

சாயங்காலம் நாத்தனார் சமையலறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். “நீங்களே சொல்லுங்க அண்ணி. ஒவ்வொரு வரிசையையும் மூணு தடவை நடந்திருக்கோம். விட்டிருப்போமா?”

“நீங்க விடல.”

“அப்புறம் எப்படி?”

அடுப்பைக் குறைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டாள். வெட்கம்கெட்ட சாக்கு.

மறுநாள் நேரே சேமிப்பு அறைக்குப் போனாள். பூக்கும் முன்பே பெண் வரிசையில் இருபது கதிர்களுக்குக் காகித உறை மாட்டி, ஸ்டேப்ளர் அடித்து, டாக்டர் கையெழுத்துப் போட்டு வைப்பது வழக்கம். வெளி மகரந்தம் உள்ளே போகாது. அறுவடையின்போது அவற்றை உறையோடு வெட்டி இங்கே கொண்டுவந்து வைப்பார்கள். செடி மலடு என்றால் உறைக்குள் ஒரு மணி நெல் இருக்கக் கூடாது. இந்தத் தடவை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. ஸ்லைடே பூஜ்யம், அப்புறம் எதற்கு என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஓர் உறையை விரலால் அமுக்கினாள். உள்ளே கெட்டியாக நெல்.

இருபதையும் அள்ளிக்கொண்டாள். வாசலில் நின்ற நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு மேலாளர் அறைக்குள் நுழைந்தாள். டாக்டரும் அங்கேதான் இருந்தார்.

“இதை யாரும்மா எடுக்கச் சொன்னது?” என்றார் டாக்டர்.

“உங்க கையெழுத்துதானே சார்? பாத்துக்கோங்க.” கிழித்து உதறினாள். மேலாளர் மேஜைக் கண்ணாடி மேல் நெல் சிதறியது. அடுத்ததையும் கிழித்தாள், அதற்கடுத்ததையும். “பன்னெண்டு பேரும் இந்த உறைக்குள்ள புகுந்து அலட்சியமா இருந்தாங்களா சார்?”

மேலாளர் முட்டாள் இல்லை, உடனே புரிந்துகொண்டார். புரிந்துகொண்டு என்ன பிரயோஜனம்? ரிஜிஸ்டரை வரவழைத்துப் புரட்டினார். “நாலு நாளும் பூஜ்யம்னு இருக்கே. இது யார் கையெழுத்து?”

டாக்டர் முந்திக்கொண்டார். “இவங்க எழுதினதை நம்பித்தான் நான் உறையைப் பிரிக்கல.”

பத்தே நிமிடத்தில் புதுக் காகிதம் தயார். பெண்களின் வேலை நீக்கம் ரத்து. காரணம்: ‘ஸ்லைடு பார்த்தவரின் பிழை.’ மரபணு உத்தமம், டாக்டர் அதைவிட உத்தமம். பழியை இறக்கிவைக்க மட்டும் கீழே ஓர் ஆள் வேண்டும்.

“சைன் பண்ணுங்க” என்றார் மேலாளர்.

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. காகிதத்தில் இருப்பது முழுப் பொய் என்றால் முகத்தில் விட்டெறிந்திருப்பாள். பாதி உண்மை, அதுதான் கொடுமை. பேனாவை வாங்கினாள். ஆனால் ரிஜிஸ்டரைத் தன் பக்கம் இழுத்து, முதல் நாள் பூஜ்யத்துக்குக் கீழே எழுதத் தொடங்கினாள். முதல் ஸ்லைடு, நூற்றுக்கு ஐம்பத்திரண்டு கறுப்பு. டாக்டரிடம் சொன்னேன். திரும்பப் போடச் சொன்னார். இரண்டாவது, நாற்பத்தேழு. அந்த எண்களில் ஒன்றுகூட அவளுக்கு மறக்கவில்லை.

“ரிஜிஸ்டரைத் திருத்தக் கூடாது” என்று டாக்டர் எழுந்தார்.

“திருத்தல சார். விட்டுப்போனதை எழுதுறேன்.”

நாத்தனார் கிட்டே வந்தாள். “அன்னைக்கே தெரியுமா அண்ணி உங்களுக்கு?”

“தெரியும்.”

நாத்தனார் முகம் சுண்டிப்போயிற்று. பிறகு நகர்ந்து, டாக்டருக்கும் மேஜைக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள்.

“உங்ககிட்ட எனக்கு வீட்ல பேச்சு இருக்கு” என்றாள். “இப்ப எழுதுங்க. ஒண்ணு விடாம எழுதுங்க.”