கல்லு பட்ட கதவு

ஆம்பூர் பைபாஸ் ஓரத்துல இருக்குற டிங்கரிங் ஷெட்டுக்கு அந்த மொட்டை காரு லாரி மேல ஏறி வந்த அன்னிக்கு, பக்கத்து டீக்கடையில இருந்தவங்க அத்தனை பேரும் கிளாஸும் கையுமா எழுந்து வந்துட்டாங்க. கூரை இல்லாத காரை வேற இன்னான்னு சொல்றது, மொட்டை காருன்னுதான் சொல்லணும். பழைய மோரிஸ் மைனர். கூரைக்குப் பதிலா மடக்கி விரிக்கிற துணி டாப்பு ஒண்ணு இருந்திருக்கு, அதுவும் நார் நாரா தொங்குது. பச்சை பெயிண்ட் பானெட் மேல வெளுத்துப் போய், கதவாண்ட மட்டும் கொஞ்சம் பச்சை மிச்சம் இருந்துச்சு. காயலாங்கடைக்குப் போக வேண்டியது வழி தவறி வந்துடுச்சு போலன்னு ஒருத்தர் சொல்ல, எல்லாரும் சிரிச்சாங்க.

ஜீவா சிரிக்கல. அந்த ஷெட்டுல சுத்தியல் அவ கையில, பெயிண்ட் அடிக்கிற கன்னு புருஷன் ஆதிகேசவன் கையில. கல்யாணமான புதுசுல புருஷனுக்குச் சோறு கொண்டாந்தவ, சும்மா இருக்க முடியாம ஒரு ஸ்கூட்டர் மட்கார்டைத் தட்டிப் பார்த்தா, அது நேராயிடுச்சு. அன்னியிலேருந்து ஊருக்கே அவ டிங்கர் ஜீவா. பொம்பளைக்கு எதுக்கு இந்தப் பொழப்புன்னு கேட்டவங்கல்லாம் இப்போ தகடு உள்ள போய் டொக்கு விழுந்த வண்டியைத் தள்ளிக்கினு வந்து, ஜீவா எப்போ கையை வைக்கும்னு காத்துக்கினு நிக்கிறாங்க.

அவ நேரா காரோட இடது பக்கக் கதவாண்ட போனா. அங்க மூணு டொக்கு. மேல பெருசா ஒண்ணு, நடுவுல ஒண்ணு, கீழே படிக்குப் பக்கத்துல ஒண்ணு. பெருசுல கட்டை விரலை வெச்சா. விரல் கச்சிதமா போய் உக்காந்துச்சு. சின்ன வயசுலேருந்து கேட்டுக் கேட்டு மனசுல பதிஞ்சு போன காரு, இப்போ கண்ணு முன்னாடி நிக்குது.

அவளோட அம்மா எல்லம்மா வயசுப் பொண்ணா இருந்தப்போ தோல் பதனிடுற ஷாப்பு ஒண்ணுல வேலை செஞ்சா. உப்பு போட்டு வர்ற பச்சைத் தோலை உதறித் தட்டுற வேலை. உப்பு கையை அறுக்கும். அறுத்த இடத்துல சுண்ணாம்பு பட்டுச்சுன்னா உயிர் போய் உயிர் வரும். ஒரு நாள் கண்ணம்மாள்னு ஒருத்தி சுண்ணாம்புக் குழியில வழுக்கி விழுந்து கால் வெந்து போச்சு. நாளைக்கே வேலைக்கு வரணும், இல்லன்னா வேற ஆள் போட்டுக்குவேன்னு மொதலாளி சொல்லிட்டாரு. அது வரைக்கும் அந்தப் பொம்பளைங்க எதுக்கும் "முடியலைங்க மொதலாளி"ன்னுதான் சொல்லுவாங்க, அதுவும் கையெடுத்துக் கும்பிட்டுக்கினு. அன்னிக்கு ஷாப்பு கேட்டாண்ட போய் உக்காந்தாங்க. கும்பிடல. "மாட்டோம்"னு சொன்னாங்க.

மொதலாளி இந்த மொட்டை கார்லதான் வந்தாரு. பொம்பளைங்க உக்காந்திருக்கிறதைப் பார்த்தும் நிறுத்தச் சொல்லல. ஹாரனை அடிச்சுக்கினே உள்ள விடுடான்னு டிரைவர்கிட்ட சொன்னாரு. சேலையை அள்ளிக்கினு எழுந்து ஓடினவங்க கையில கல்லு வந்துச்சு. எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டா? ஆம்பூர் ரோட்டுல கல்லுக்கா பஞ்சம்! பெரிய டொக்கு என்னுதுன்னு எல்லம்மா ஜீவாவுக்குச் சோறு ஊட்டுற காலத்துலேருந்தே சொல்லிக்கினு வர்றா.

காரைக் கொண்டாந்தது அந்த மொதலாளியோட பேரன் சூரியபிரகாஷ். சென்னையில இருக்குறவரு. சும்மா சொல்லக்கூடாது, நல்ல மாதிரி. அக்கான்னு கூப்பிட்டு, மரியாதையா பேசினாரு. தாத்தா வண்டி, ஷாப்பு மூடினப்புறமும் குடோன்ல தார்ப்பாய் போட்டே கெடந்துச்சு, ஓடுற மாதிரி பண்ணிக் கொடுங்கன்னாரு. பழசைப் பழசாவே வெச்சிருக்குற வண்டிங்களுக்குன்னு சென்னை கார் ஷோவுல தனிப் பிரிவு இருக்காம், அதுல நிறுத்தணுமாம். பட்டி போடக்கூடாது, பாலிஷ் போடக்கூடாது, பெயிண்ட் கிட்டவே வரக்கூடாது. இந்த வண்டி மேல நடந்தது எதையும் அழிக்கக்கூடாதுக்கான்னு ரெண்டு தடவை சொன்னாரு. வயசுனால வண்டிக்கு வர்ற வெளுப்புக்கும் தேய்மானத்துக்கும் பாட்டினான்னு ஒரு பேரும் சொன்னாரு.

அவரு போனதும் ஆதிகேசவன் கேட்டான், பாட்டினான்னா இன்னா? அழுக்குன்னு சொன்னா ஷோவுல சேர்த்துக்க மாட்டாங்க, அதான் இங்கிலீஷ்ல சொல்றாருன்னு ஜீவா சொன்னா. ஆனா உள்ளுக்குள்ள அந்தப் பேச்சு அவளுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. நடந்தது எதையும் அழிக்கக்கூடாது. ஒரு மொதலாளி வீட்டுப் பேரன் வாயிலேருந்து இப்படி ஒரு வார்த்தை வரும்னு அவ நினைச்சதே இல்ல.

அதனால உசுரைக் கொடுத்து வேலை செஞ்சா. தரைத் தகடு துரு தின்னு ஓட்டையா இருந்துச்சு. மேலேருந்து ஒரு தழும்பு தெரியாம அடியிலேருந்து தகடு வெச்சு ஒட்டினா. இன்ஜினுக்குத் தெரிஞ்ச மெக்கானிக்கை வரவழைச்சா. ஷூ கம்பெனியில மேல்தோல் தைக்கிற பொண்ணு ஒண்ணு லீவு நாள்ல வந்து, சீட்டுத் தோல் விட்ட இடத்துல எல்லாம் பழைய ஓட்டையிலேயே ஊசியை விட்டுத் தைச்சுக் கொடுத்துச்சு. டாப்புக்குப் பழைய துணியிலேயே நல்லதா இருந்ததை உள்பக்கம் ஒட்டுப் போட்டு நிறுத்தினாங்க. வெளுத்த பெயிண்ட் மேல மெழுகை மட்டும் துணியில தொட்டுத் தொட்டுத் தடவினா. டொக்கைக் கண்டா அவ கை தானா சுத்தியலைத் தேடும், இத்தனை வருஷப் பழக்கம். இந்தக் கதவாண்ட வர்றப்ப மட்டும் கையைப் பின்னாடி கட்டிக்குவா. ஆதிகேசவன் வேலை இல்லாம டீக்கடைக்கும் ஷெட்டுக்கும் நடந்தே செருப்பைத் தேய்ச்சான்.

வேலை முடிஞ்சு சூரியபிரகாஷ் வந்தாரு. சாவியைத் திருப்பினதும் வண்டி ஒரு தடவை இருமிட்டு ஓட ஆரம்பிச்சுது. மனுஷனுக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. சுத்திச் சுத்தி வந்தாரு, வெளுத்த பானெட்டைத் தடவினாரு, சீட்டுல உக்காந்து எழுந்தாரு. எல்லாம் பிரமாதம்க்கான்னாரு. அப்புறம் இடது கதவாண்ட வந்து நின்னாரு.

இதை மட்டும் எடுத்துடுங்கக்கான்னாரு. பெயிண்ட் போகாம உள்ள கட்டை வெச்சுத் தட்டி எடுக்கலாம்னு கேள்விப்பட்டேன், உங்களால முடியும்னு எல்லாரும் சொல்றாங்க, இது மூணு போச்சுன்னா வண்டி முழுமையாயிடும்.

ஜீவாவுக்குச் சுருக்குன்னு குத்துச்சு. ஒண்ணையும் அழிக்கக்கூடாதுன்னீங்களே சார்னு கேட்டா. அது வயசுனால வந்ததுக்கா, இது டேமேஜ், ஒரு காலத்துல யாரோ ரவுடிப் பசங்க கல்லு விட்டு அடிச்சது, எங்க வீட்டுல சொல்லுவாங்கன்னு அவரு சாதாரணமா சொன்னாரு. கெட்ட எண்ணத்துல சொல்லல, அவருக்குச் சொல்லிக் கொடுத்ததைச் சொன்னாரு. இருந்தாலும் ரவுடிப் பசங்கன்னு கேட்டதும் ஜீவாவுக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிடுச்சு.

ஆதிகேசவன் அவளைப் பார்த்தே புரிஞ்சுக்கினான். ஓரமா இழுத்துக்கினு போய்க் காதுல சொன்னான். ஏம்மே, சண்டை எதுக்கு? முடியாதுன்னு சொல்லிடு. தட்டினா பெயிண்ட் உரிஞ்சுக்கும், அப்புறம் ஷோவுல சேர்த்துக்க மாட்டாங்கன்னு சொல்லு. அவரே வேணாம்னு போய்டுவாரு. அவரு மனசும் நோவாது, உன் டொக்கும் இருக்கும்.

நல்ல யோசனைதான். யாருக்கும் நஷ்டம் இல்ல. ஆனா ஜீவா யோசிச்சா. முடியாதுன்னு சொன்னா அதுல ரெண்டு அர்த்தம் இருக்குது. கையால ஆகலன்னும் எடுத்துக்கலாம், மனசு ஒப்பலன்னும் எடுத்துக்கலாம். எதிர்ல நிக்கிறவருக்கு எது சௌகரியமோ அதை எடுத்துக்கினு போய்டுவாரு. அவ அம்மாவும் அந்தப் பொம்பளைங்களும் வருஷக்கணக்கா சொன்னது அந்த வார்த்தையைத்தான். அதைச் சொல்லிச் சொல்லித்தான் கையும் காலும் வெந்து போச்சு. இன்னிக்கு நானும் போய் அதையே சொல்றதான்னு அவளுக்கு ஆத்திரமா வந்துச்சு.

திரும்பி வந்து சூரியபிரகாஷ் முகத்தைப் பார்த்துச் சொன்னா.

"முடியும் சார். ஒரு பொட்டு பெயிண்ட் உரியாம எடுப்பேன். ஆனா எடுக்க மாட்டேன்."

அவருக்குப் புரியல. புரிஞ்சதும் முகம் செவந்து போச்சு. இது என் வண்டிதானேக்கான்னாரு. ஆமா, உங்க வண்டிதான், சுத்தியல் என்னுதுன்னு இவ சொன்னா. வெயில் மட்டும் உங்க தாத்தாவைக் கேட்டுக்கினா இந்த வண்டியை அடிச்சுது? வெயில் அடிச்சா பாட்டினா, கல்லு அடிச்சா டேமேஜா? கதவு இப்படி ஆனப்புறம் ஊருல எந்த டிங்கரும் இதைத் தொடல. ஏன்னா எல்லா டிங்கர் வீட்டுலயும் அந்த ஷாப்புல வேலை செய்யற பொம்பளை ஒருத்தி இருந்தா. இந்தக் கதவோட வெளியில போக உங்க தாத்தாவுக்கு வெக்கமா இருந்துச்சு, தார்ப்பாயைப் போட்டு மூடிட்டாரு. அதனாலதான் சார் இந்தப் பெயிண்ட்டு, இந்த சீட்டு எல்லாம் இன்னும் மிச்சம் இருக்குது. கல்லு படாம இருந்திருந்தா ஓட்டி ஓட்டி எப்பவோ எடைக்குப் போட்டிருப்பாங்க. உங்க பழசைக் காப்பாத்திக் கொடுத்ததே அந்தக் கல்லுதான்.

அவரு போனை எடுத்து வேலூர்ல யாரோ ஒரு டிங்கருக்குப் போட்டாரு. அந்தப் பக்கம் எடுக்கல. ஆதிகேசவன் தலையில கையை வெச்சுக்கினு ஸ்டூல்ல உக்காந்துட்டான். போனா போகட்டும், ஆனா யார்கிட்ட கொண்டு போனாலும், இது யார் அடிச்சதுன்னு சொல்லிட்டு அப்புறம் தட்டச் சொல்லுங்கன்னா ஜீவா. யார் அடிச்சதுன்னு அவரு கோபமாவே கேட்டாரு. பெருசு எங்கம்மாவுதுன்னு அவ பெருமையா சொன்னா.

சொல்லி வாய் மூடல, எல்லம்மா ஆட்டோவுலேருந்து இறங்குறா. காரு இன்னிக்குப் போவுதுன்னு ஜீவாதான் காலையில சொல்லி விட்டிருந்தா. முட்டி வலிக்காரி, மெதுவா நடந்து வந்து கதவாண்ட குனிஞ்சா. பெரிய டொக்கைப் பார்த்தா, தொட்டா, தலையை ஆட்டினா.

"இது என்னுது இல்லடி."

அப்போ இத்தனை வருஷமா சொன்னது பொய்யான்னு ஜீவா கோபமா கேட்டா. எல்லம்மா நிதானமா சொன்னா. இது எங்க கூட வேலை செஞ்ச மஹ்பூபியோடது, அவளுக்குத்தான் குறி தப்பவே தப்பாது. நடுவுல இருக்கிறது என்னுது என்னுதுன்னு எல்லாரும் சொல்லுவாளுங்க, யாருதோ. என் கல்லு படவே இல்ல. கை நடுங்கி, எங்கேயோ போய்க் கேட்டுத் தூண்ல பட்டுச்சு. ஊருல எல்லாரும் ஒண்ணு ஒண்ணு சொல்றப்ப நானும் ஒண்ணு சொல்லி வெச்சேன், இன்னா இப்போ?

ஆதிகேசவனுக்குச் சிரிப்பு வந்து வாயைப் பொத்திக்கினான். சூரியபிரகாஷ் கூட லேசா சிரிச்சுட்டாரு, அப்போ இந்தக் கீழ இருக்கிறது எப்படி இவ்ளோ தாழ விழுந்துச்சுன்னு கேட்டாரு. எல்லம்மா சிரிக்கல. கஷ்டப்பட்டு இன்னும் குனிஞ்சு, கீழ் டொக்குல உள்ளங்கையை வெச்சா.

அது கண்ணம்மாளோடதுன்னா. கால் வெந்தவளைத் தூக்கிக்கினு வந்து கேட்டாண்ட உக்கார வெச்சிருந்தோம். வண்டி நிக்காம வந்தப்போ நாங்கல்லாம் எழுந்து ஓடிட்டோம். அவளால எழுந்திருக்க முடியல. சக்கரம் ஒரு முழம் தள்ளிப் போச்சு. அவ உக்காந்த இடத்துலேருந்தே விட்டா. உக்காந்துக்கினு விட்டா இவ்ளோ உயரந்தானே வரும், தம்பி?

சூரியபிரகாஷ் அந்த டொக்கையே பார்த்துக்கினு நின்னாரு. எங்க வீட்டுல ரவுடிங்கன்னு சொன்னாங்கம்மான்னாரு, மெல்ல.

"நாங்கதான் தம்பி அந்த ரவுடிங்க" ன்னா எல்லம்மா.

ஜீவாவுக்கு அம்மா மேல இருந்த கோபம் எங்க போச்சுன்னு தெரியல. அம்மா கல்லு பட்டிருந்தா அது ஒரு வீட்டுப் பெருமை. இப்போ அவ நின்னது கண்ணம்மாளுக்கும் மஹ்பூபிக்கும் பேர் தெரியாத இன்னொருத்திக்கும். இவங்களுக்காக இன்னும் சத்தமா எடுக்க மாட்டேன்னு சொல்லலாம்னு அவளுக்குத் தோணுச்சு. சொல்ல வேண்டிய வேலை இல்லாம, சூரியபிரகாஷ் கையில இருந்த போன் அடிச்சுது. வேலூர் டிங்கர் திரும்பக் கூப்பிடுறாரு.

"வேணாம்ணே. கதவுல வேலை ஒண்ணும் இல்ல" ன்னு சொல்லிட்டு வெச்சாரு. ஜீவா பக்கம் திரும்பல. நடந்தது எதையும் அழிக்கக்கூடாதுன்னு சொன்னவன் நான்தானேன்னு தனக்குத்தானே சொல்லிக்கினாரு. மனசார ஒத்துக்கினாரா, வேற வழி இல்லாம ஒத்துக்கினாரா, அது அவருக்குத்தான் வெளிச்சம். ஜீவாவுக்கு டொக்கு இருந்தா போதும்.

அவரு வண்டியில ஏறிக் கிளப்பினப்போ, எல்லம்மா போய் இடது கதவைத் தொறந்து முன் சீட்டுல ஏறி உக்காந்துட்டா. யாரையும் கேக்கல. அந்தக் காலத்துல மொதலாளி எப்பவும் உக்காருற சீட்டு. கல்லுதான் படல, நானாவது ஏறிக்கிறேன்னு மகளைப் பார்த்துச் சொன்னா. வெயிலா இருக்குதேம்மா, டாப்பைப் போடட்டுமான்னு சூரியபிரகாஷ் கேட்டாரு. தொறந்தே இருக்கட்டும்னு சேலைத் தலைப்பைத் தலை மேல போட்டுக்கினு, கையைக் கதவுக்கு வெளிய தொங்கப் போட்டா. கை மஹ்பூபியோட டொக்கு மேல இருந்துச்சு.

எங்க இறக்கி விடணும்மான்னு அவரு கேட்டாரு.

"ஷாப்பு கேட்டாண்ட விடு தம்பி. ரோட்டுல பொம்பளைங்க போவாளுங்க, மெதுவா போ. ஹாரன் அடிக்காத."

சூரியபிரகாஷ் ஹாரன் பட்டன் மேல இருந்த கையை எடுத்துட்டு, வண்டியை மெதுவா நகர்த்தினாரு.