வீட்டுக்காரம்மா வேஷம்

எல்லாரும் நெட்டை என்று கூப்பிடும் அவள், சாவிக்கொத்தை இடுப்பில் செருகினாள், எடுத்தாள், மறுபடி செருகினாள். ஒத்திகைக் கூடத்தில் மற்றவர்கள் அட்டைக் கதவுக்குப் பச்சை வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"வாயைத் திறக்கறதுக்கு முன்னால சாவி பேசணும்," என்றாள். "அப்புறம் மூக்கு. அதுக்கப்புறம்தான் வார்த்தை."

"உங்க வீட்டுக்காரம்மாவா அக்கா?" என்றாள் அவளோடு நடிக்கும் கல்லூரிப்பெண்.

"எனக்குத் தெரிஞ்ச எல்லா வீட்டுக்காரம்மாவும்."

இந்த நாடகத்தில் நெட்டையைப் போல் பாலியல் தொழில் செய்யும் பெண்கள் போலீஸாகவும் டாக்டராகவும் வீட்டுக்காரம்மாவாகவும் நடிப்பார்கள். அவர்களாகக் கல்லூரிப் பெண்கள் நடிப்பார்கள். யார் யாரென்று தெரியாமலேயே பார்ப்பவர்கள் மனம் மாற வேண்டும் என்பது நாடகம் போடும் சாரின் திட்டம். மனம் மாறியவர்களுக்குத் தேநீர் உண்டு. மாறாதவர்களுக்கும் உண்டு.

நெட்டை குடியிருந்த வீட்டில் அவள் ஆஸ்பத்திரி ஆயா. அப்படித்தான் சொல்லி வைத்திருந்தாள். இதற்கு முந்தைய வீட்டில் விஷயம் தெரிந்த அன்றே சாமான்கள் தெருவுக்கு வந்தன. மகள் மறுநாள் பரீட்சைக்குப் பாத்திர மூட்டைமேல் உட்கார்ந்து படித்தாள்.

நாடகத்தன்று நெட்டை திரை இடுக்கில் எட்டிப் பார்த்தாள். முன்வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே, அவளுடைய இப்போதைய வீட்டுக்காரம்மா. கல்லூரிப்பெண்ணுக்கு விரலால் காட்டினாள்.

"சாவி வேணாம் அக்கா. இன்னைக்கு மட்டும் வேற மாதிரி பண்ணிடுங்க," என்றாள் கல்லூரிப்பெண்.

"வேற மாதிரி வீட்டுக்காரம்மாவை நான் எங்க போய்ப் பார்க்கறது?"

திரை விலகியது. நெட்டை சாவியை ஆட்டினாள். மூக்கைத் தூக்கி அறை முழுக்க மோந்தாள்.

"செருப்புச் சத்தம் கேட்டுச்சே, யாரு வந்தது?"

"என் செருப்புதாம்மா," என்றாள், பாலியல் தொழிலாளியாக நடித்த கல்லூரிப்பெண்.

"பொம்பளை செருப்புக்கு எதுக்கு இவ்வளவு சத்தம்?"

கூடமே சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது முன்வரிசைதான். கடைசிக் காட்சியில் கல்லூரிப்பெண் பெட்டியோடு தெருவில் நின்றபோது வீட்டுக்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்துவிட்டாள்.

"ஏம்மா, ஆயா வேலைக்கு நடுவுல இது வேறயா?"

"ஆஸ்பத்திரி சார்பா போடறாங்கம்மா."

"எதிர்வீட்டுக்காரியை அப்படியே உரிச்சு வெச்சுட்டியே. அந்தச் சாவி, அந்த மூக்கு." இடுப்பில் சாவி குலுங்கச் சிரித்தாள். பிறகு காதருகே வந்தாள். "பெட்டியோட நின்னுச்சே, அந்தப் பொண்ணு நிஜமாவே அதானே? எனக்குப் பார்த்தாலே தெரிஞ்சுடும். பாவம்."

நெட்டை தன் சாவிக்கொத்தை எடுத்துத் துணிமூட்டைக்குள் போட்டாள்.

நாடகத் துணிமூட்டையைத் தூக்கிவர உதவிய கல்லூரிப்பெண், நெட்டையின் வீட்டு வாசலில் தண்ணீர் கேட்டாள். வீட்டுக்காரம்மா நாற்காலியே போட்டாள். தானே டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். சார் பார்த்திருந்தால் நாடகம் வெற்றி என்று சொல்லியிருப்பார்.

பெண் குடித்துவிட்டு வெளிக்கதவை எட்டியதும் வீட்டுக்காரம்மா நெட்டையிடம் குரலைத் தாழ்த்தினாள். அவள் குரல் தாழ்ந்தாலும் தெருமுனை வரை போகும்.

"தண்ணின்னு கேட்டா இல்லன்னு சொல்ல முடியுமா, அதுவும் மனுஷிதானே. அந்த டம்ளரை மட்டும் வெளிக்குழாயில நல்லா தேய்ச்சுக் கழுவிடு. நாற்காலியையும்."

கல்லூரிப்பெண் திரும்பினாள். முகம் சிவந்திருந்தது. "ஆன்ட்டி, நான் வந்து..."

நெட்டை அவளைப் பார்த்தாள். கல்லூரிப்பெண்ணின் பார்வை நெட்டையைத் தாண்டி, அவள் அறை ஜன்னலில் காய்ந்துகொண்டிருந்த மகளின் பள்ளிச் சீருடையில் போய் நின்றது.

"வரேன் அக்கா," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நெட்டை டம்ளருக்கு உள்ளேயும் வெளியேயும் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். வீட்டுக்காரம்மா வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள், சாவியை ஆட்டினாள்.

"இன்னொரு தடவை."

இன்னொரு தடவை கழுவினாள்.

"இப்ப சரி. அதுலயே எனக்குக் கொஞ்சம் தண்ணி கொண்டாம்மா. சிரிச்சுச் சிரிச்சுத் தொண்டை காஞ்சு போச்சு."

நெட்டை கொண்டுவந்து நீட்டினாள். வீட்டுக்காரம்மா அவள் கையிலிருந்து வாங்கி, உதடு வைத்து, மடக் மடக்கென்று குடித்து முடித்தாள். நெட்டை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.