சாவியைக் கேட்காதவர்

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். மூக்கண்டப்பள்ளியில் எங்கள் லைன் வீடுகளில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். குழாயடியில் என்னிடம் வாயைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகக் குடம் தூக்கிப் போனவள் ஒருத்தியும் இல்லை. அப்படிப்பட்ட நான், அந்தச் சனிக்கிழமை மத்தியானம், கட்டின புருஷன் என்ன செய்கிறார் என்று பார்க்க டவுன் பஸ்ஸில் திருடி மாதிரி ஒடுங்கி உட்கார்ந்து போனேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வயிறுதான் எரிந்தது.

என் வீட்டுக்காரர் பெயர் ரத்தினவேல். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பிரஸ் மிஷின் ஓட்டுகிறார். அதற்கு முன்னால் லாரியில் கிளீனராக இருந்தபோது, பெங்களூர் ரோட்டில் மாநில எல்லை தாண்டினதும் வருகிற அத்திப்பள்ளியில் அவருக்கு ஒரு கூட்டம் சேர்ந்தது. ஒரே ஊசியை எல்லோரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்கிற கூட்டம். போதையும் அங்கேதான் பிடித்தது, எச்.ஐ.வி.யும் அங்கேதான் வந்தது. எனக்கும் டெஸ்ட் எடுத்தார்கள். எனக்கு இல்லை என்று வந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதது அவர்தான், நான் இல்லை. அந்த அழுகைக்காகத்தான் அவரை விட்டுப் போகாமல் இருக்கிறேன். வேறு காரணம் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஊசியை விட்டுவிட்டேன் என்பார். மாதம் முழுக்க விட்டுத்தான் இருப்பார். சம்பளம் போடுகிற சனிக்கிழமை வந்தால் மட்டும் அவருடைய பைக் வண்டி அத்திப்பள்ளிக்குத் திரும்பிவிடும். வீடு வந்ததும் நான் சட்டைக் கையை மடித்துப் பார்ப்பேன். புதுசாக ஒரு புள்ளி இருக்கும்.

அது 2006ஆம் வருஷம். ரத்தத்தில் நோயை எதிர்க்கிற அணுக்கள் ரொம்பக் குறைந்துபோய், எச்.ஐ.வி.க்கான மாத்திரை ஆரம்பித்தே ஆக வேண்டும் என்கிற நிலைமை. ஆனால் டாக்டர் தயங்கினார். "ஆரம்பிச்சா ஆயுசு முழுக்க விடாம சாப்பிடணும்மா. விட்டு விட்டுச் சாப்பிட்டா மருந்து வேலை செய்யாமப் போயிடும். அப்புறம் குடுக்க எங்கிட்ட வேற மருந்து இல்ல," என்றார். ஊசி நிற்கட்டும், ஞாபகமும் எப்படி இருக்கிறது என்று பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே போனார். இவருக்கோ பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக்கொண்டே இருந்தேன்.

ஊருக்கு வெளியே ஒரு கிறிஸ்தவ சபை நடத்துகிற சின்ன ஆஸ்பத்திரி அது. அங்கே பெங்களூரிலிருந்து ஃபெபா என்று ஒரு மனோதத்துவ மேடம் ஆராய்ச்சிக்கு வந்துகொண்டிருந்தார். நாகர்கோவில் பக்கத்துக்காரர். எச்.ஐ.வி.யும் போதையும் சேர்ந்தால் ஒருத்தருடைய ஞாபகம், கவனம், முடிவெடுக்கிற புத்தி எல்லாம் என்ன ஆகிறது என்று பார்க்கிற ஆராய்ச்சி. மாதம் ஒரு சனிக்கிழமை என் வீட்டுக்காரருக்குப் பரீட்சை. வரிசையாக வார்த்தைகளைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்வாராம், எண்களைப் பென்சிலால் சேர்க்கச் சொல்வாராம். "ஒண்ணாங்கிளாஸ் மாதிரி இருக்குது ரஞ்சிதா," என்று இவர் சிரிப்பார். அந்தச் சனிக்கிழமை சம்பளச் சனிக்கிழமையாகவே அமைந்துபோனது.

வினையும் அங்கேதான் ஆரம்பித்தது. போன இரண்டு மாதமும் பரீட்சைக்கு வண்டியில் போனவர் பஸ்ஸில் திரும்பி வந்தார். வண்டி எங்கே என்றால் ரிப்பேர் என்றார். எந்த மெக்கானிக் என்றால் தலையைச் சொறிந்தார். திங்கட்கிழமை சாயந்திரம் வண்டி வீட்டுக்கு வந்துவிடும். கையைப் பார்த்தேன், புள்ளி இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. வண்டியை அந்தக் கூட்டத்திடம் அடகு வைத்துவிட்டு, எனக்குத் தெரியாத இடத்தில் குத்திக்கொள்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். மூன்றாவது மாதம் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்றுதான் பஸ் ஏறினேன்.

போய்ப் பார்த்தால் வண்டி ஆஸ்பத்திரி வேப்ப மரத்தடியில் சமர்த்தாக நிற்கிறது. மேடத்தின் அறையிலிருந்து வேகமாக வெளியே வந்த என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"சாவி எங்க?" என்றேன்.

"உள்ள, மேடம்கிட்ட."

அவ்வளவுதான், அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். "ஏம்மா, பரீட்சை வச்சோமா அனுப்பினோமான்னு இருக்க வேண்டியதுதானே? மாசா மாசம் வண்டிச் சாவியை எதுக்குப் புடுங்கி வச்சுக்கறீங்க? நான் என்னென்னமோ நெனச்சுச் செத்துக்கிட்டு இருக்கேன்!"

மேடம் சின்னப் பெண்தான், பயந்துவிட்டார் பாவம். "உக்காருங்கக்கா. அவரு சம்மதிக்காம நான் எதுவும் சொல்லக்கூடாது," என்று கதவுப் பக்கம் பார்த்தார். பின்னாலேயே வந்து நின்ற என் வீட்டுக்காரர், சொல்லுங்கள் என்று தலையை ஆட்டினார்.

"இதுவும் பரீட்சையில ஒரு பகுதிதான்," என்றார் மேடம். "ஆரம்பத்துலயே அவங்க சொந்தப் பொருள் ஒண்ணை வாங்கி டிராயர்ல வச்சிருவேன். முடிஞ்சதும் அவங்களா ஞாபகம் வச்சுக் கேக்காங்களான்னு பாக்கணும். அண்ணன் சாவியக் குடுத்தாரு. மூணு மாசமா ஒரு தடவகூட கேக்கல. முதல் தடவ கரண்ட் போன குழப்பத்துல நானும் மறந்துட்டேன். அதுக்கப்புறம் நான் எடுத்து நீட்டுறதுக்குள்ள ஆளு போயிருதாரு. திங்கட்கிழமை வந்து நர்ஸ்கிட்ட வாங்கிக்கிடுதாரு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மத்ததுல எல்லாம் சுமார். இதுல மூணு தடவையும் பூஜ்யம். டாக்டர் இன்னைக்கு என் கருத்தைக் கேட்டிருக்காரு. இவரை நம்பி மாத்திரை குடுக்கலாம்னு நான் எப்படிக்கா சொல்லுவேன்?"

மாத்திரை இல்லை என்றால் ஆள் இல்லை.

"இவருக்கா ஞாபகம் இல்ல?" என்று கத்தினேன். "கல்யாணத்துக்கு மறுநாள் நான் வச்ச குழம்புல உப்பு இல்லன்னு இன்னைக்கு வரைக்கும் சொல்லிக் காட்டறாரு மேடம்! யோவ், வாயைத் தொறந்து சொல்லுய்யா. நெசமாவே மறந்துட்டியா?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மொத தடவை நெசமாவே மறந்துட்டேன். வெளிய வந்து சாவியக் காணோம்னு தேடிட்டு, எங்க வச்சேன்னே தெரியாம பஸ் ஏறிட்டேன். வீட்டுக்கு வந்தப்பறம்தான் நெனப்பு வந்துச்சு. அட, இன்னைக்குச் சம்பளமாச்சே, அத்திப்பள்ளிக்குப் போகாம வந்துட்டமேன்னு. ஒடம்பெல்லாம் நடுங்குச்சு. ஆனா போகல. அதனால போன மாசம் வேணும்னே விட்டுட்டு வந்தேன். இன்னைக்கும் அப்படித்தான்."

"ஏண்ணே, அத்திப்பள்ளிக்குப் பஸ்ஸே இல்லையா?" என்று கேட்டார் மேடம். அதைத்தான் நானும் கேட்க இருந்தேன்.

"நிமிஷத்துக்கு ஒரு பஸ் இருக்குது மேடம். ஆனா வண்டின்னா, போலாமா வேணாமான்னு யோசிக்கறதுக்குள்ள அங்க போயி நின்னுடறேன். பஸ்ஸுன்னா ஸ்டாப்புல நிக்கணும். நின்னா யோசனை வந்துடுது. இவ மூஞ்சி வந்துடுது."

முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே," என்றார் மேடம்.

"சொன்னா, பரீட்சை கெட்டுப்போச்சுன்னு சாவிய வாங்க மாட்டீங்க. அந்தப் பயம்தான்."

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, "முதல் தடவ மறந்தது மறதிதாம்ணே. அதை நான் மாத்த மாட்டேன். மத்த ரெண்டு தடவையும் நீங்க செஞ்சதுக்கு மார்க் போட எங்கிட்ட இடமே இல்ல. புத்தி எந்த இடத்துல சறுக்கும்னு தெரிஞ்சு, சறுக்குறதுக்கு முன்னாடியே ஏற்பாடு பண்ணியிருக்கீங்க. இதை நான் டாக்டர்கிட்டச் சொல்லியே ஆகணும்," என்றார். எழுந்து டிராயரைத் திறந்து சாவியை என்னிடம் நீட்டினார். "இனிமே சம்பளத்தன்னைக்கு நீங்களே வாங்கி வச்சுக்கிடுங்கக்கா."

"ஐயோ, அவகிட்ட வேணாம் மேடம்!" என்று பதறிவிட்டார் என் வீட்டுக்காரர். "அவ கத்துவா, ஊருக்கே கேக்கும். ஆனா நான் கையப் புடிச்சு அழுதேன்னா குடுத்துடுவா. முன்னாடி ரெண்டு தடவை சாவியப் புடுங்கி வச்சுட்டு அப்படித்தான் குடுத்துருக்கா."

என் வாய் அடைத்துப்போன நாள் அது ஒன்றுதான். மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு சாவியைத் திரும்ப டிராயரில் போட்டார்.

மூன்று பேருமாக டாக்டரிடம் போனோம். மேடம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார், மறதி இருப்பதையும் சேர்த்துத்தான். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"ஞாபகம் குறைவா இருக்கறதால வேளா வேளைக்கு நீங்கதான் குடுக்கணும்மா. மொதல்ல வாந்தி வரும், தலை சுத்தும், கெட்ட கனவா வரும். வேணாம், இன்னைக்கு ஒருநாள் விட்டுடுன்னு கெஞ்சுவாரு. அப்பவும் குடுத்தே ஆகணும். உங்களால முடியுமா?"

முடியும் என்றுதான் சொல்ல நினைத்தேன். ஆனால் இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாதா? போய்த் தொலைகிறது, இன்றைக்கு ஒருநாள் விடுங்கள் என்று சொல்கிற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். என் இளகின மனசே இவரைக் கொண்டுபோய்விடும். வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது.

என் வீட்டுக்காரர் நாற்காலியை என் பக்கமாக நகர்த்தி உட்கார்ந்தார்.

"நான் அவகிட்ட அழ மாட்டேன் சார்," என்றார். "நீங்க எழுதுங்க."

டாக்டர் மாத்திரைச் சீட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார்.